எட்டு முழ வேட்டியும் ஒரு டெஸ்ட் ஷூட்டும்

ஆச்சிக்குக் கண்ணைக் காணோம். நெற்றி பளபளக்கிறது, மூக்கு பளபளக்கிறது, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கரிய குழிகள். ஐந்து பேரும் போன் திரையை மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு வாசல்படியில் உட்கார்ந்திருந்த ஆச்சியைப் பார்த்தார்கள். நேரில் கண் இருந்தது. அது அவர்களை முறைத்துக்கொண்டும் இருந்தது. "ஏல, சோறு பொங்கணும். சீக்கிரம் முடிங்க."

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடும் ஒரு தெரு. சித்திரை பிறந்த மறுநாள் மதியம். கல்லூரிப் பிள்ளைகள் ஐந்து பேர், குறும்படம் எடுப்பதற்கு முன்னால் ஒரு டெஸ்ட் ஷூட் செய்து பார்க்கலாம் என்று கூடியிருந்தார்கள். கதை இரண்டே வரி. வாசலில் மல்லிகைப்பூ கட்டிக்கொண்டிருக்கும் பாட்டியிடம் பேரன் வந்து, வேலை கிடைத்து வெளியூர் போவதாகச் சொல்கிறான். பாட்டி நிமிர்ந்து பார்க்கிறார். அவ்வளவுதான். பாட்டியாக நடித்தவர் ஐவரில் ஒருவனுடைய சொந்த ஆச்சி. சம்பளம் ஒரு கவுளி வெற்றிலை. கேமரா ஒரு போன். எனக்குக் குடை பிடிக்கும் வேலை.

"ஏன் இந்த நேரத்துல வச்சீங்க?" என்று கேட்டேன். இயக்குநர் பொறுப்பில் இருந்த பெண், "பன்னெண்டு மணிக்குத்தான சார் வெளிச்சம் நல்லா இருக்கும்" என்றாள். நிழலில் இருந்த ஆச்சியை வெயிலுக்கு இழுத்து வந்து உட்கார வைத்ததும் அதற்காகத்தான். அந்த ஊரில், அந்த நாளில், அந்த நேரத்தைவிட முகத்துக்குப் பகையான வெளிச்சத்தை வருஷம் முழுக்கத் தேடினாலும் கண்டுபிடிப்பது கஷ்டம்.

சங்கரன்கோவில் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 9.2 டிகிரி வடக்கே இருக்கிறது. மார்ச் 20ஐ ஒட்டி நடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கும் சூரியன், நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நகர்ந்து ஜூன் 21 வாக்கில் 23.4 டிகிரி வரை போய்த் திரும்புகிறது. போகும் வழியில் ஒருமுறையும் திரும்பும் வழியில் ஒருமுறையும் இந்த ஊரின் தலைக்கு நேர் மேலே வந்தாக வேண்டும். போகும்போது வருவது ஏப்ரல் 13ஐ ஒட்டி, அதாவது சித்திரைப் பிறப்புக்குப் பக்கத்தில். திரும்பும்போது ஆகஸ்ட் கடைசியில். நிழலில்லா நாள் என்று அறிவியல் இயக்கத்துக்காரர்கள் பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்திக் காட்டுகிறார்களே, அதுதான். உச்சி என்பதும் சரியாக 12 மணி இல்லை. நம் கடிகார நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது. சங்கரன்கோவில் அதற்கு 5 டிகிரி மேற்கே. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம் என்றால் 20 நிமிஷம் பிந்துகிறது. ஆக உச்சி 12.20க்கு. பிள்ளைகள் கேமராவை ஓடவிட்டதும் ஏறக்குறைய அப்போதுதான்.

தலைக்கு நேர் மேலே விளக்கு இருந்தால் புருவம் கண்ணுக்குக் கூரையாகிவிடும். மூக்கின் நிழல் மேலுதட்டில் மீசை போல விழும். சினிமாக்காரர்கள் இதை டாப் லைட் என்பார்கள். வெளிப்புறப் படப்பிடிப்பில் உச்சிவேளை சாப்பாட்டு இடைவேளை ஆவதற்குப் பசி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது.

ஒளி எந்த நாளில், எந்தக் கோணத்தில் வரும் என்று முன்கூட்டியே பார்த்துவைப்பதை இந்த ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சங்கரநாராயணர் கோயிலில் மார்ச், செப்டம்பர் மாதங்களில் 21ஆம் தேதியை ஒட்டிய சில நாள், காலை வெயில் நீள நடையைக் கடந்து உள்ளே போய்ச் சங்கரலிங்க சுவாமி மேல் விழும். பார்க்கக் கூட்டம் கூடும். சூரியன் சரியாகக் கிழக்கில் உதிப்பது அந்த நாள்களில்தான். கோயில் கட்டியவர்கள் லொக்கேஷன் பார்த்திருக்கிறார்கள்.

சரி, நேரில் பார்த்தபோது ஆச்சியின் கண் ஐந்து பேருக்கும் தெரிந்ததே, எப்படி? கண்ணும் ஒரு கேமரா என்று பள்ளியில் படித்திருக்கிறோம். லென்ஸ் இருக்கிறது, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் பாவை இருக்கிறது, பிம்பம் விழும் திரை இருக்கிறது. அதுவரை சரி. ஆனால் திரையில் விழுந்ததை நாம் பார்ப்பதே இல்லை. மூளை அதை வாங்கி, இருட்டைக் கொஞ்சம் தூக்கி, பளபளப்பைக் கொஞ்சம் அமுக்கி, தெரிந்த முகம் என்றால் ஞாபகத்திலிருந்து மிச்சத்தை இட்டு நிரப்பித்தான் நமக்குத் தருகிறது. நாள் முழுக்க ஒரு எடிட்டரும் ஒரு வண்ணக் கலைஞரும் சம்பளமில்லாமல் நம் தலைக்குள் வேலை பார்க்கிறார்கள், நமக்குத் தெரியாமலே. போனுக்குப் பேரப்பிள்ளைப் பாசம் கிடையாது. விழுந்த ஒளியை எண்ணி எழுதிவைக்கிறது. டெஸ்ட் ஷூட்டில் அன்று நடந்த எல்லாக் கோளாறுக்கும் காரணம் இந்த ஒன்றுதான் என்பது என் கட்சி. முதலில் அகப்பட்டது வெளிச்சம். பிறகு நிறம், சத்தம், கடைசியில் கதை.

பெரியவர்களும் டெஸ்ட் ஷூட் வழியாகத்தான் வந்தார்கள். சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி' எடுக்கக் கிளம்பியபோது தொழில் தெரிந்தவர்கள் தடுத்தார்கள்: மழையில் எடுக்க முடியாது, தோப்பு இருட்டில் எடுக்க முடியாது, அந்தி வெளிச்சத்தில் எடுக்க முடியாது. ராய் வாதம் செய்யவில்லை. ஒரு 16 மி.மீ. கேமராவை ஏற்பாடு செய்துகொண்டு, மழைக்காலத்தில், முழங்கால் சேற்றில் நடந்து கோபால்நகர் கிராமத்துக்குப் போனார். மாந்தோப்பிலும் கொட்டும் மழையிலும் பொழுது சாயும் நேரத்திலும் எடுத்துப் பார்த்தார். எல்லாமே பதிவாகியிருந்தது. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவுக்கு இருபதை ஒட்டிய வயது. அதற்கு முன் அவர் சினிமா கேமராவை இயக்கியதில்லை. நம் பக்கம், 1986இல் வந்த 'ஊமை விழிகள்' சென்னைத் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் கூட்டாகச் செய்தது. ஆபாவாணன் தயாரிக்க, ஆர். அரவிந்தராஜ் இயக்கினார். அந்தக் காலத்தில் சோதித்துப் பார்ப்பதே செலவுதான். 35 மி.மீ. பிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். 400 அடிச் சுருள் நாலரை நிமிஷத்தில் தீர்ந்துபோகும். இந்தப் பிள்ளைகள் ஆச்சி நிமிர்ந்து பார்ப்பதை மட்டும் பதினேழு தடவை எடுத்தார்கள். ஒரு பைசா செலவில்லை, ஆச்சியின் பொறுமையைத் தவிர.

கண் குழியை நிரப்ப என்ன செய்வது? ஒருவன் தெர்மாகோல் அட்டை வாங்கப் போகிறேன் என்றான். அதற்குள் பேரன் வீட்டுக்குள் போய், தாத்தாவின் எட்டு முழ வேட்டியை எடுத்து வந்தான். இரண்டு பேர் அதை ஆச்சியின் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தார்கள். போன் திரையில் முகம் பூத்தது. கருங்குழி போய்க் கண் வந்தது. ஆச்சிக்கும் வெயில் தணிந்ததால் முறைப்பும் குறைந்தது.

வேட்டி வெயிலைக் குறைத்ததுதான் காரணம் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். குறைத்தது உண்மை. ஆனால் வேலையைச் செய்தது வேட்டியின் அகலம். சூரியன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இங்கிருந்து பார்க்கையில் வானத்தில் அது அரை டிகிரி அகலம்தான்; நீட்டிய கையின் சுண்டுவிரல் நகத்தால் மறைத்துவிடலாம். அவ்வளவு சின்ன இடத்திலிருந்து ஒளி வரும்போது ஒரு திசையிலிருந்து மட்டும் வருகிறது. புருவம் மறைத்தால் மறைத்ததுதான், கத்தியால் வெட்டிய மாதிரி நிழல். துணியில் பட்ட ஒளியோ சிதறுகிறது. நூலுக்கு நூல், இழைக்கு இழை, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒரு விளக்காகி எல்லாத் திசையிலும் ஒளியை வீசுகிறது. ஆறடி அகலத் துணியை முகத்துக்கு ஆறடி உயரத்தில் பிடித்தால், முகத்திலிருந்து பார்க்கும்போது அது 53 டிகிரி அகலம். சூரியனைப்போல நூறு மடங்கு. புருவம் துணியின் ஒரு பகுதியை மறைத்தாலும் வேறு பகுதி பக்கவாட்டில் கண்ணை எட்டிப் பார்த்துவிடும். நிழல் இருக்கும், ஓரம் கரைந்துபோயிருக்கும். அதே வேட்டியை இருபதடி உயரத்தில் மாடியில் கட்டினால் அதன் அகலம் 17 டிகிரிக்குச் சுருங்கிவிடும், நிழல் மறுபடி முறுக்கிக்கொள்ளும். ஆக, விளக்கு எவ்வளவு பெரியது என்ற கேள்வியோடு எவ்வளவு பக்கம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். படப்பிடிப்புத் தளத்தில் சட்டத்தில் துணி கட்டி ஸ்கிம்மர் என்று பிடிக்கிறார்களே, அது இந்த வேட்டியின் வாடகைப் பதிப்பு.

இதில் ஒரு வம்சாவளி இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வதம்' எடுத்த ஆர். நடராஜ முதலியார், 1910களின் பிற்பகுதியில் சென்னையில் திறந்தவெளியில்தான் படம் பிடித்தார். மின்விளக்கு வசதி இல்லை. ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் புனேயில் அடிப்படை கற்று வந்தவர் அவர். மேலே கூரைக்குப் பதிலாக மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் வழியாக வெயிலை வடிகட்டினார். அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று மிஞ்சவில்லை. அடுத்தது 1956, ராயின் 'அபராஜிதோ'. காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் செட்டாகப் போட்டிருந்தார்கள். நிஜ முற்றத்தில் வெளிச்சம் வானத்திலிருந்து பரவி இறங்கும், நிழலே தெரியாது. ஸ்டுடியோ விளக்கு அடித்தால் நாலு பக்கமும் நிழல். சுப்ரத மித்ரா முற்றத்தின் மேலே வெள்ளைத் துணியை வானம்போல இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழேயிருந்து அந்தத் துணியின் மேல் அடித்தார். பட்டுத் திரும்பிய ஒளியில் செட், நிஜ வீடாகிவிட்டது. முதலியார் துணி வழியாக ஒளியை இறக்கினார், மித்ரா துணியில் மோதவிட்டு இறக்கினார். சேலையும் வேட்டியும் நெய்கிற ஊர்க்காரர்கள் இதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்து வீட்டுக்குள். பேரன் பெட்டி அடுக்கும் காட்சி. இங்கே வரிசையாக மூன்று அடி விழுந்தது.

முதலில் நடையிலிருந்து வாசலைப் பார்த்துக் கேமரா வைத்தார்கள். பையன் கருப்பு உருவமாக நின்றான். பையனுக்கு ஒளியைக் கூட்டினால் தெரு வெள்ளைக் காகிதமாகப் போனது. உச்சிவெயிலில் ஒளியின் அளவு ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். ஓட்டு வீட்டு நடையில் நூறு இருந்தால் அதிகம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். கேமராக்காரர்கள் ஒவ்வொரு இரட்டிப்பையும் ஒரு ஸ்டாப் என்று எண்ணுவார்கள். பத்து தடவை இரட்டித்தால் ஆயிரம் ஆகும். உள்ளே கிடக்கும் நிழலின் கருமையும் வெளியே சுவரின் பளபளப்பும் சேர்ந்தால் இன்னும் ஏறும். சாதாரணப் போன் அத்தனையையும் ஒரே பிடியில் பிடிக்கத் திணறும். நம் கண் மட்டும் எப்படிப் பிடிக்கிறது? அதுவும் பிடிப்பதில்லை. வாசலைப் பார்க்கும்போது வாசலுக்கும் பையனைப் பார்க்கும்போது பையனுக்குமாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஒட்டுப்போட்ட படத்தை ஒரே படம் என்று நம்மை நம்பவைக்கிறது.

இரண்டாவது, பையன் முகம் பச்சை. சுவருக்குப் பச்சை டிஸ்டெம்பர் அடித்திருந்தார்கள். ஜன்னல் வெயில் அதில் பட்டுத் திரும்பி முகத்தில் விழுந்தது. "நேர்ல பச்சையாத் தெரியலயே!" தெரியாது. வெள்ளைச் சட்டை மஞ்சள் பல்பிலும் வெள்ளை, நிலா வெளிச்சத்திலும் வெள்ளை என்று நினைக்கும்படி மூளை நிறத்தைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. போனின் ஆட்டோ வெள்ளைச் சமன் அதே வேலையைச் செய்யத்தான் பார்க்கிறது. ஆனால் பச்சைச் சுவர் சட்டத்தில் கூடும்போதும் குறையும்போதும் அதன் கணக்கு மாறி, ஒரே ஷாட்டில் முகம் இரண்டு நிறம் காட்டியது. மறுபடி வேட்டியே கைகொடுத்தது. சுவரை மூடியாயிற்று.

மூன்றாவதுதான் வேடிக்கை. மதியத்துக்குப் பிறகு உள்ளே இருட்டு என்று எல்இடி பல்பைப் போட்டார்கள். திரையில் கருப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே ஊர்ந்தன. போன் கெட்டுவிட்டது என்று ஒருவன் தட்டிப் பார்த்தான். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றில் மின்னோட்டம் இரண்டு முறை உச்சம் தொடும். மலிவான பல்பு அதற்கேற்ப நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். கண்ணுக்கு அது எட்டாது. போனின் உணரியோ ஒரு பிரேமை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. பல்பு மங்கிய தருணத்தில் படித்த வரிகள் கருப்புப் பட்டையாகின்றன. மருந்து எளிது. ஷட்டர் நேரத்தை ஐம்பதில் ஒரு பங்கு நொடி அல்லது நூறில் ஒரு பங்கு நொடி என்று பூட்டிவிட வேண்டும். அப்போது ஒவ்வொரு வரிக்கும் பல்பின் முழு ஏற்ற இறக்கம் பங்காகக் கிடைக்கும். அமெரிக்காவில் மின்சாரம் 60 சுற்று. அங்கே செய்து காட்டிய வீடியோவைப் பார்த்து அறுபதில் ஒரு பங்கு வைத்தால் சங்கரன்கோவிலில் பட்டை ஊரும்.

இங்கே ஒரு பழைய பாடத்தையும் திருத்திவிடலாம். விழித்திரையில் பிம்பம் கொஞ்ச நேரம் தங்குவதால்தான் சினிமா அசைவதுபோலத் தெரிகிறது என்று பல புத்தகங்கள் இன்னும் எழுதுகின்றன. பிம்பங்கள் தங்கி ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் குழம்புதான் தெரியும், நடை தெரியாது. 1912இல் மாக்ஸ் வெர்தைமர் காட்டியது வேறு. அடுத்தடுத்து மின்னும் இரண்டு நிலைப்புள்ளிகளுக்கு நடுவே, இல்லாத அசைவை மூளையே உண்டாக்குகிறது. நொடிக்கு 24 நிலைப்படங்களை நாம் ஓட்டமாகப் பார்ப்பது அந்தக் கைவேலையால்தான். இதிலும் அதே சம்பளமில்லா ஊழியர்.

சத்தத்துக்கு வருகிறேன். மாலையில் பேச்சைக் கேட்டுப் பார்த்தபோது பேரனின் குரலுக்குப் பின்னால் சடசடவென்று ஒரு மழை. "தறிச் சத்தம்" என்றேன். "எங்க சார் கேக்குது?" என்று நிஜமாகவே கேட்டார்கள். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் வளர்ந்த காது அதைக் கழித்துவிட்டது. மைக்குக்கு அந்தப் பழக்கம் இல்லை. பேசுகிறவனுக்கும் மைக்குக்கும் பத்தடி இருந்தது. தூரம் இரட்டித்தால் குரலின் ஆற்றல் கால்வாசியாகும். அதனால் பத்தடியை ஓரடியாக்கினால் குரல் நூறு மடங்கு வலுக்கும். அடுத்த சந்தில் ஓடும் தறியோ இருந்தபடியே இருக்கும். காலர் மைக் என்று நானூறு ஐநூறு ரூபாய்க்கு விற்கும் சின்னக் கருவியின் ரகசியம் அதன் தரத்தில் இல்லை, அது வாயருகே இருப்பதில்தான் இருக்கிறது.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரிது. பாதி வசனம் தறி ஓடும்போது எடுத்தது. பாதி, தறிக்காரர்கள் சாப்பிடப் போனபோது எடுத்தது. ஒட்டினால் ஒரு வரியில் சடசட, அடுத்த வரியில் நிசப்தம். தொடர்ந்து கேட்டால் காது கழித்துவிடும் சத்தம், வெட்டி வெட்டி வந்தால் அறைந்த மாதிரி விழுகிறது. தறிச் சத்தத்தை மட்டும் தனியாக ஒரு நிமிஷம் பதிவு செய்து, காட்சி முழுக்க அடியில் விரித்தார்கள். கேட்காமல் போயிற்று! சத்தத்தை மறைக்கச் சத்தத்தையே சேர்ப்பது அவர்களுக்கு அன்றைய பெரிய அதிசயம்.

கிளாப் அடிப்பது எதற்கு என்றும் ஒருவன் கேட்டான். படமும் ஒலியும் தனித்தனிக் கருவியில் பதிவாகும்போது, பலகை மூடும் பிரேமையும் அந்த 'டப்' ஒலியையும் சேர்த்தால் இரண்டும் பொருந்தும். மைக் பக்கத்தில் இருந்தால்தான் இது சரி. ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் போகும், ஒரு பிரேம் நேரத்தில் 14 மீட்டர். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் நூறு மீட்டர் தள்ளி நின்று மேளத்தைப் படம் பிடித்தால் குச்சி விழுந்து ஏழு பிரேம் கழித்துத்தான் சத்தம் வரும்.

பூவால் வந்தது கடைசி வினை. முதல் ஷாட்டில் ஆச்சி மடியில் சரம் ஒரு சாண். பத்து நிமிஷம் கழித்து எடுத்த நெருக்கக் காட்சியில் இரண்டு முழம் தாண்டிப் படியில் சுருண்டு கிடந்தது. ஆச்சி நடிப்பை நிறுத்தினாலும் கட்டுவதை நிறுத்தவில்லை, அது அன்றைய வியாபாரம். விட்டுப்போன ஷாட்டை மாலை ஆறரைக்கு எடுத்தபோது இன்னொரு கூத்து. மதியம் இறுகிய மொட்டாக இருந்த மல்லிகை அத்தனையும் மலர்ந்துவிட்டது. அந்தியில் விரிவது அதன் சுபாவம். அதனால்தான் பூ மார்க்கெட்டில் விடியற்காலையிலேயே மொட்டாக விலை பேசிவிடுகிறார்கள். வேட்டியைப் பிடித்து வெயிலைச் சரிக்கட்டலாம், பூவை மூட முடியாது. ராய்க்கும் இது நடந்திருக்கிறது. 1952 அக்டோபர் 27, 'பதேர் பாஞ்சாலி'யின் முதல் நாள் படப்பிடிப்பு, வெள்ளை வெளேரென்று நாணல் பூத்த வயல். மிச்சத்தை எடுக்க அடுத்த வாரம் போனால் பூவைக் காணோம், மாடு மேய்ந்துவிட்டது. காட்சியை முடிக்க அடுத்த பருவம் பூக்கும்வரை காத்திருந்தார்.

சரம் நீண்டதை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று ஒருவன் வாதம் செய்தான். அவன் பக்கமும் நியாயம் உண்டு. டேனியல் லெவினும் டேனியல் சைமன்ஸும் 1997இல் வெளியிட்ட சோதனையில், இரண்டு பெண்கள் பேசும் ஒரு சின்னப் படத்தில் வெட்டுக்கு வெட்டு வேண்டுமென்றே பொருள்களை மாற்றினார்கள். முதலில் பார்த்தவர்களில் ஏறக்குறைய ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. இன்னொரு படத்தில் நடிகரையே ஆள் மாற்றிவிட்டார்கள், அப்போதும் பெரும்பாலானோர் கவனிக்கவில்லை. ஆனால் ஒன்றை மூளை மன்னிப்பதில்லை: பார்வையின் திசை. ஆச்சி இடப்பக்கம் நிமிர்ந்து பார்த்தால், அடுத்த ஷாட்டில் பேரன் வலப்பக்கம் பார்க்க வேண்டும். பிள்ளைகள் தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் எடுத்துவிட்டதால் இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்தார்கள். சரத்தின் நீளத்தை யாரும் சொல்லவில்லை. "ரெண்டு பேரும் யாரைப் பாக்காங்க?" என்று அந்த வீட்டுச் சின்னப் பெண்கூடக் கேட்டுவிட்டாள்.

இரவு எட்டு மணிக்கு மாடியில் உட்கார்ந்து போனிலேயே ஒட்டினார்கள். ஆச்சி சும்மா பார்க்கும் ஷாட் ஒன்று இருந்தது, வசனம் இல்லை, முகத்தில் எதுவும் இல்லை. அதற்குப் பின்னால் பேரனின் பெட்டியை வைத்தார்கள். ஆச்சி உடைந்துபோனார். பெட்டியை எடுத்துவிட்டு, தெருவில் ஓடும் குழந்தையை வைத்தார்கள். ஆச்சி சிரிப்பதுபோல் இருந்தது. ஒரே முகம். ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் புரட்சிக்குப் பிந்தைய ஆண்டுகளில் மாணவர்களோடு செய்து பார்த்த சோதனை இதுதான். பிலிம் தட்டுப்பாட்டில் பிலிமே இல்லாமல் படம் 'எடுத்து'ப் பழகிய குழு அது. மொஸ்ஜூகின் என்ற நடிகரின் ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளோடு ஒட்டினார்கள் என்பது கதை. மூலப் படச்சுருள் இன்று இல்லை, என்னென்ன ஒட்டினார்கள் என்பதிலேயே குலெஷோவும் அவர் மாணவர் புடோவ்கினும் வேறுவேறு சொல்கிறார்கள். 1992இல் அமெரிக்காவில் திரும்பச் செய்து பார்த்தபோது விளைவு கிடைக்கவில்லை. 2006இல் மூளை ஸ்கேனோடு செய்தபோது கிடைத்தது. பாடப்புத்தகம் சொல்லும் அளவு அது மந்திரம் இல்லை என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அந்த மாடியில் அன்று ஆறு பேருக்கும் அது நடந்தது.

ஆச்சியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். முதலில் பெட்டி வைத்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். "நான் எங்கல அழுதேன்? உலை கொதிச்சிருச்சோன்னு பாத்தேன்."

அன்று எடுத்த எதுவும் குறும்படத்தில் வராது. போனிலிருந்து இன்னும் அழிக்கவில்லை. ஆகஸ்ட் 29, 30 வாக்கில் சூரியன் மறுபடி சங்கரன்கோவிலின் தலைக்கு நேரே வரும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது படம் எடுக்கும் யோசனையில் இருந்தால், அன்று 12.20க்குப் போனில் ஆட்டோவை அணைத்துவிட்டு, வீட்டில் உள்ள ஒரு முகத்தை வெயிலில் ஒருமுறையும் வேட்டிக்கு அடியில் ஒருமுறையும் பிடித்துப் பாருங்கள். பூ கட்டுகிறவராக இருந்தால், முதல் ஷாட்டிலேயே சரத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.